எட்டு ஐம்பதுக்கு யார்?

"ரூபினாவை ஒண்ணாந் தேதியோட நிறுத்திடலாங்க சார்" என்றேன்.

ஆடிட்டர் கோவிந்தராஜுலு கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினெட்டு வருசமா டைப்பிஸ்டா இருக்கற அம்மணிங்க. என்ன தப்புப் பண்ணிச்சு?"

"என் ஃபைல்ல கை வைக்கறாங்க சார். நான் வர்றது பத்து மணிக்கு. ஆனா கம்ப்யூட்டர்ல எந்த இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் ஃபைலை எடுத்தாலும், கடைசியா சேவ் பண்ணுன நேரம் காலைல எட்டு அம்பது, எட்டு அம்பத்தஞ்சுன்னு காட்டுது. அந்நேரத்துக்கு ஆபீஸ் சாவி அவங்க கையிலதானுங்களே?"

"கை வெச்சு என்ன செய்யறாங்க?"

"தெரியலீங்க. நல்லதுக்கா இருக்கும்?"

"சீசன் முடியட்டும், பாக்கலாங்க" என்றார்.

எனக்கு அதுவே பாதி வெற்றி.

தொண்ணூற்றேழில் அந்த ஆபீசுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தவன் நான். மில்லில் நைட் ஷிப்ட் பார்த்த காலத்தில், உக்கடத்தில் பழைய புத்தகம் வாங்கி நானே கற்றுக்கொண்ட வித்தை. அடிப்பது இரண்டு விரலால்தான். பேச்சு மட்டும் பத்து விரல் வேகத்தில் வரும்.

"இனி இது பேப்பரே இல்லாத ஆபீஸ்" என்று அறிவித்தேன்.

முன்பெல்லாம் ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் ஒரு டிராஃப்ட் அடிப்பார்கள். ரூபினா அதை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் நல்ல காப்பி.

"டிராஃப்ட் தண்டச் செலவுங்க. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது" என்று அதை நிறுத்தினேன். டைப்ரைட்டர் உறை போட்டுக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குப் போனது. ரூபினா ரசீது அடுக்கப் போனார்.

மூன்று மாதம். நூற்றுச் சொச்சம் ரிட்டர்ன். ஒரு தப்புக் கிடையாது. என்னை நினைத்தால் எனக்கே கொஞ்சம் பயபக்தியாக இருந்தது.

ஆடிட்டர் இழுத்தடிக்கவே, நானே ஒரு காரியம் செய்தேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததுமே பாஸ்வேர்டு கேட்கும்படி பூட்டுப் போட்டுவிட்டேன். எனக்கு நானே கொடுத்துக்கொண்ட பட்டம்தான் பாஸ்வேர்டு. வேறு யாரும் கொடுக்கவில்லையே.

நான்காம் நாள், சத்தியமங்கலத்து அரிசி மில்காரர் சென்னிமலை தன் ரிட்டர்னில் கையெழுத்துப் போட வந்தார். பேனாவைத் திறந்தவர், மறுபடி மூடினார்.

"ஏனுங்க, எங்கய்யன் பேரு நஞ்சப்பனுங்க."

"தெரியுங்களே" என்றார் ஆடிட்டர்.

"இதுல அப்துல் காதர்னு இருக்குதுங்களே. எங்கய்யன் போய்ச் சேந்து பதினேழு வருசமாச்சு. இப்பப் போயி அப்பனை மாத்திப் போட்டீங்களே?"

காகிதத்தை வாங்கிப் பார்த்தேன். புதிய ஆளுக்கு நான் புதிய ஃபைல் தொடங்குவதில்லை. முந்தின ஆளுடையதை அப்படியே காப்பி எடுத்து, பேரையும் தொகையையும் மாற்றுவேன். முந்தின ஆள், பாத்திரக்கடை ஜபருல்லா பாய். அவருடைய அப்பா பேரை மாற்ற மறந்திருக்கிறேன்.

"காதர் பாயை எனக்குத் தெரியுங்க. தங்கமான மனுசன்" என்றார் சென்னிமலை. "ஆனா எங்கம்மா உசுரோட இருக்குதுங்க. அதுகிட்ட நான் என்னன்னு சொல்றது?"

ஆடிட்டர் என் பக்கம் திரும்பினார். "மூணு மாசமா ஒரு தப்பு வரலீங்களே. இன்னைக்கு எப்படி?"

நான் வாயைத் திறப்பதற்குள், பிளைவுட் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து ரூபினா எழுந்து வந்தார்.

"என் தப்புங்க சார். நான் சரிபார்க்காம உட்டுப்போட்டேன்."

"நீங்க எதைம்மா பாக்கறது? டிராஃப்ட்தான் இல்லையே."

"ஸ்கிரீன்லயே பாத்துருவனுங்க. போத்தனூர்ல ஒரு பஸ் முன்னாடியே ஏறி வந்துருவேன். அப்பா பேரு, ஊட்டு நம்பருன்னு ஏதாச்சும் முந்தின ஆளோடது அப்படியே நின்னுருக்குங்க. மாத்தி சேவ் பண்ணிருவேன். மூணு நாளா பாக்கலீங்க. மன்னிச்சுக்கங்க."

ஏன் பார்க்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. ஒரு வார்த்தை போதும், என் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை.

அவரை நிறுத்தச் சொல்லி நான் பேசிய அன்றைக்கும் அவர் அந்தத் தடுப்புக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நான்தாங்க சார்... பூட்டுப் போட்டுட்டேன்" என்று முனகினேன்.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் சென்னிமலை. "அப்பன் பேரு போனது எனக்குங்க."

சத்தமாகச் சொன்னேன். பாஸ்வேர்டு போட்டதை, போட்ட காரணத்தை, எல்லாவற்றையும்.

ஆடிட்டர் ரூபினாவைப் பார்த்தார். "ஏம்மா, இவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மொத வாரமே சொன்னனுங்க. கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னுட்டாருங்க. உங்ககிட்டச் சொன்னா, இந்த அண்ணன் வேலைக்கு..." என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

ஆடிட்டர் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கம்மா. இனி நீங்க பாக்காம இங்க ஒரு காயிதம் பிரிண்ட் ஆகக்கூடாது." பிறகு என்னிடம், "அந்தப் பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

ரூபினா பத்து விரல்களையும் கீபோர்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சென்னிமலையும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்பர்ட்" என்றேன்.

ஆறு எழுத்தையும் அடித்து முடிக்கும்வரை ரூபினா சிரிக்கவே இல்லை.