அப்பா கட்டாரில

"ரீச்சர், அந்த ஆள் திரும்பவும் எங்களைப் பார்க்குது," எண்டு காதுக்குள்ள சொன்னாள் நிரோஷினி.

றம்ஸியா ரீச்சரும் கண்டுட்டா. ஒட்ட வெட்டின தலை, உள்ளுக்கு விட்ட சேட்டு, கறுப்புச் சப்பாத்து, கையில ஹெல்மெட். திருகோணமலையில பிறந்த ஆக்களுக்கு இதுக்கு மேல விளக்கம் வேணுமே? சீஐடிதான்.

ஓர்ஸ் ஹில்லில ஒரு பழைய வீடு. காணாமல் ஆக்கப்பட்ட ஆக்கள்ட படங்களை வச்சு அதை மியூசியம் ஆக்கியிருக்கினம். மனித உரிமைப் பாடத்துக்கெண்டு ஏஎல் பிள்ளையளை ரீச்சர் கூட்டிக்கொண்டு வந்தவ. மியூசியத்தைப் பொறுப்பாப் பார்த்துக்கொள்ளுற பாக்கியரத்தினம் ஐயா தேத்தண்ணி ஊத்தக் குசினிக்குள்ள போயிட்டார்.

நிரோஷினி வந்தது பாடத்துக்கில்லை. சுவரில சிரிச்சுக்கொண்டு இருக்கிற றொபேட்தான் அவள்ட அப்பா. அவள் அம்மாட வயித்தில இருக்கேக்க, வேலைக்குப் போன மனிசனைப் பிடிச்சுக்கொண்டு போனது. "அப்பாவைக் கடைசியாக் கண்ட ஆரையாவது ஒருக்காச் சந்திக்கோணும் ரீச்சர்," எண்டு பஸ்ஸுக்குள்ள சொல்லிக்கொண்டு வந்தவள்.

அந்த ஆள் இப்ப றொபேட்ட படத்துக்கு முன்னாலதான் நிண்டது. படத்தைப் பார்க்குது, பிள்ளையள்ட முகத்தைப் பார்க்குது. சீஐடி எண்டா முதல்ல ரீச்சர்ட பேரையும் அடையாள அட்டையையும் கேக்கும். இந்த ஆள் ஒண்டுமே கேக்கேல்ல. அதுதான் இன்னும் பயம்.

நேர நிரோஷினியிட்ட வந்துட்டுது.

"மகள், உங்கட அப்பா ஆர்?"

அவள் வாய் திறக்க முதல் ரீச்சர் குறுக்க வந்து நிண்டா. "இவட பேர் ஐவி. அப்பா கட்டாரில வேலை செய்யிறார்."

இந்த மாதிரிப் பொய்யை இஞ்ச ஆரும் யோசிச்சுச் சொல்றேல்ல. தானா வரும்.

"அப்பிடியோ மகள்?"

"ஓம்," எண்டாள் நிரோஷினி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

படத்தை ஒருக்காத் திரும்பிப் பார்த்துட்டு, அந்த ஆள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெளியில போயிட்டுது. மோட்டார் சைக்கிள் சத்தம் துறைமுகப் பக்கம் இறங்கி இல்லாமப் போச்சு.

ரீச்சர் கதிரையில இருந்துட்டா. "தப்பினம் மகள். உங்களுக்கு ஏதும் நடந்தா உங்கட அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

பாக்கியரத்தினம் ஐயா தேத்தண்ணித் தட்டோட வந்தார். "எங்க அந்த மனிசன்? அவருக்கும் சேர்த்துத்தான் ஊத்தினனான்."

"போயிட்டுது ஐயா. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளோ?"

"பேரும் சொல்லமாட்டார், போன் நம்பரும் தரமாட்டார். சரியான பயந்த மனிசன். பள்ளிக்கூடப் பிள்ளையள் வாற நாள் பார்த்து வந்து நிப்பார்."

ஐயா தட்டை வச்சுட்டு, சுவரில இருந்த படத்தைக் காட்டினார்.

"இந்த றொபேட்டோட ஒரே மறியல்ல, ஒரே செல்லுக்குள்ள கிடந்தவராம், றொபேட்ட பிள்ளையைத் தேடுறார்."