மூட மறந்த வெளிச்சம்

விளக்கை அணைத்ததும் சோதனை அறையில் தன் கையே தெரியாத கும்மிருட்டு. இந்த இருட்டில் அவளும் அண்ணனும் சேர்ந்து செய்த புது கேமரா சென்சார் எடுக்கும் படம் கன்னங்கரேலென்று வர வேண்டும். கொஞ்சம் வெளுத்தாலும் சென்சாரில் கோளாறு என்று அர்த்தம்; இத்தனை வருட உழைப்பும் பாழ். அவள் பொத்தானை அழுத்துகிறாள். கேமராவுக்கு எதிரே நிற்கும் அண்ணன் மூக்கை உறிஞ்சுகிறான். "அழறியாண்ணே?" "போடி, ஜலதோஷம்." திரை ஒளிர்கிறது. படத்தில் மேசை தெரிகிறது, ஒயர் தெரிகிறது, அண்ணனின் சட்டை மடிப்புகூடத் தெரிகிறது. "போச்சு!" என்று ஒயரைச் சரிபார்க்கக் குனிகிறவள் அப்படியே நிற்கிறாள். மேசைக்கடியில் சார்ஜரின் கடுகளவு சிவப்பு விளக்கு. கறுப்பு டேப் ஒட்ட மறந்திருக்கிறார்கள். இந்தத் துளி வெளிச்சத்திலா இவ்வளவும்! படத்தைப் பெரிதாக்குகிறாள். அண்ணனின் தாடையில் ஒரு சொட்டுக் கண்ணீர். அதற்குள்ளும் அந்தச் சிவப்புப் புள்ளி.