கேட்காமல் வந்த தேநீர்

ஹயாமியை அந்த மூன்றாவது நாற்காலியிலிருந்து கிளப்ப வேண்டும். மிசாவோ வந்ததே அதற்குத்தான்.

அது தெரியாமல் அவன் வாயெல்லாம் பல்லாக, குடைக்கடைக்குள் தொங்கிய காகிதக் குடைகளை அவளுக்காக விலக்கிப் பிடித்தான். குடைகளுக்குப் பின்னால் ஒரு கதவு. உள்ளே ஷூவைக் கழற்றி வைத்து ஏறினால் எட்டே எட்டு நாற்காலிகள், ஒரே மரத்தில் அறுத்த நீளப் பலகை, இரண்டு மெழுகுவர்த்திகள்.

பெயர்ப்பலகை கிடையாது. கியோத்தோவில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு மதுக்கூடம் இருப்பதே தெரியாது.

தெரிந்த முகம் கூட்டி வந்தால்தான் இங்கே நுழையலாம். வந்த விருந்தாளி ஏடாகூடமாக எதையாவது செய்துவைத்தால், கூட்டி வந்தவர்தான் பொறுப்பு. வெளியே போ என்று யாரும் சொல்லமாட்டார்கள். கூட்டி வந்தவர் முன்னால், கேட்காமலே, ஒரு கோப்பைச் சூடான தேநீர் வரும். குடித்துவிட்டு எழுந்துகொள்ள வேண்டியதுதான். அதன்பிறகு அவர் பெயரைச் சொன்னால் கதவு திறக்காது.

பலகைக்கு அந்தப் பக்கம், எல்லோரும் மாஸ்டர் என்று அழைக்கும் கிழவர் கத்தியால் பனிக்கட்டியை உருண்டையாகச் செதுக்கிக்கொண்டிருந்தார். மிசாவோவுக்கு இஞ்சி போட்ட ஜின் வந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்க வீட்டுக்காரர் எங்கயும் கூட்டிட்டுப் போறதில்லையா மேடம்?" என்றான் ஹயாமி, மூன்றாவது நாற்காலியை அவள் பக்கம் நெருக்கிப் போட்டபடி.

"அவர் வீட்டை விட்டு நகரமாட்டார்."

"நல்லதாப் போச்சு."

அவள் சிரித்தாள். ஒரு மலர்க் கண்காட்சியில் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லி அறிமுகமாகி இரண்டு மாதமாகிறது. இவனுடைய அசட்டு ஜோக்குகளுக்குச் சிரித்துச் சிரித்து அவளுக்குத் தாடையே வலித்தது.

இரண்டாவது கோப்பையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கும் அந்தக் கதையை அவளிடமும் எடுத்துவிட்டான்.

"இது யார் நாற்காலி தெரியுமா? எங்க சீனியர், இவாசேன்னு. பதினோரு வருஷமா வாராவாரம் வந்தவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என்னையும் கூட்டிட்டு வந்தார். நான் என்ன பண்ணேன், போனை எடுத்து பளிச் பளிச்சுன்னு போட்டோ! யாருக்கு டீ வந்துச்சு? அவருக்கு!" தொடையைத் தட்டிக்கொண்டான். "மனுஷன் தலையைக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு, கடைசிச் சொட்டுவரைக்கும் குடிச்சுட்டுப் போனார்."

"அப்புறம் உங்களை எப்படி உள்ள விட்டாங்க?"

"விருந்தாளிக்கு இங்க குத்தமே கிடையாது மேடம். ஒரு தடவை வந்துட்டா நானும் தெரிஞ்ச முகம்தான். அடுத்த வாரமே வந்து அவர் இடத்துலயே உக்காந்துட்டேன்!"

வெட்கமில்லாமல் சொன்னான். மாஸ்டரின் காதில் விழும்படியே சொன்னான்.

மிசாவோ கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

பளிச்.

ஓரத்து நாற்காலிப் பெரியவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டார். மாஸ்டரின் கத்தி நின்றது.

ஒன்று போதாதென்று இன்னொன்று. பளிச்.

"ஐயோ, என்ன பண்றீங்க! உள்ள வைங்க!" ஹயாமி அவள் கையைப் பிடிக்கப் போனான். "மாஸ்டர், அவங்க புதுசு, தெரியாமப் பண்ணிட்டாங்க..."

மாஸ்டர் கத்தியைத் துடைத்து வைத்தார். கெட்டிலை எடுத்தார். அவசரமே இல்லாமல் ஊற்றினார்.

ஒரே ஒரு கோப்பை. அதை ஹயாமியின் முன்னால் வைத்தார்.

"மாஸ்டர், போட்டோ எடுத்தது அவங்க! நான் இல்ல!"

"சூடா இருக்கு," என்றார் மாஸ்டர் தணிந்த குரலில். "பாத்துக் குடிங்க."

ஹயாமியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்ற நாற்காலிக்காரர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிசாவோ மட்டும் அவனையே பார்த்தாள். அவசரத்தில் நாக்கைச் சுட்டுக்கொண்டான். பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தான். பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது. இன்னும் பத்துக் கோப்பை குடிக்க வைத்தாலும் அவனுக்குத் தகும்.

அவள் எழவில்லை.

போனை மாஸ்டர் பக்கம் திருப்பி, அவர் பார்க்கவே இரண்டு படங்களையும் அழித்தாள். நெற்றி பலகையில் படும்படி குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமை நான் ஒருத்தரைக் கூட்டிட்டு வரலாமா? இப்ப நானும் தெரிஞ்ச முகம்தானே?"

"வரலாம். அவர் எப்படி நடந்துக்கிட்டாலும் நீங்கதான் பொறுப்பு."

"தெரியும். இருபத்தாறு வருஷமா அவருக்கு நான்தான் பொறுப்பு."

மாஸ்டர் முதல்முறையாக அவள் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு திரும்பி, மேல்தட்டில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்த குட்டைக் கண்ணாடிக் கோப்பை ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"இவாசே சாருக்கு எலுமிச்சை ஆகாது," என்றார். "ஞாபகம் இருக்கு."

கதவருகே ஷூவை மாட்டக் குனிந்த ஹயாமி நிமிரவில்லை.