நாலு மணிக் குளிர்

உறைந்த பட்டாணிப் பையைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு, தேவாலயத்தின் பின்கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள் வெர்னா. சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர்வீட்டு ஜன்னலில் திரை போட்டிருந்தது.

முப்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தியவள். இப்போது திருடியைப் போல நாலடி நடந்து, சுவரில் தொங்கிய வெப்பமானியிடம் போய் நின்றாள். மைனஸ் ஆறு. பையை அதன் அடிக்குமிழில் வைத்து அழுத்திக்கொண்டு, "ஆண்டவரே, கொஞ்ச நேரம் இந்தப் பக்கம் பாராதேயும்" என்று முணுமுணுத்தாள்.

ஒன்டாரியோவில் பிப்ரவரி மாதம் என்றால் உறைய வைக்கும் குளிர். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் வீடில்லாதவர்களைப் படுக்க வைப்பது அந்தத் தெருக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. நகர மன்றத்தில் மூன்று மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் ஓர் உடன்பாடு எழுதினார்கள். மைனஸ் பத்துக்கோ அதற்குக் கீழோ போகிற நாளில் மட்டும் கதவு திறக்கலாம். தினமும் மாலை நாலு மணிக்கு, இந்தச் சுவரில், இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் என்று தெரிந்தால் அனுமதியே ரத்து.

தேவாலயத்தின் சார்பில் வெர்னா. தெருவின் சார்பில் எதிர்வீட்டு மெக்ஃபெயில். அன்றைய கூட்டத்தில் எல்லாரையும் விட உரக்கக் கத்தியவர் அவர்தான்.

மணி நாலு அடித்தது. பை கோட்டுக்குள் போனது. மெக்ஃபெயில் வழக்கம்போல் கோட்டுப் பொத்தான்கூடப் போடாமல் பனியில் காலை இழுத்து வந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"மைனஸ் பதினொண்ணு. எனக்கு என்னமோ அவ்வளவு குளிராத் தெரியல."

"காத்து இல்லல்ல, அதான்." வெர்னாவின் வயிற்றில் பட்டாணி ஜில்லென்று குத்தியது.

"உங்க ஆளுங்கள்ல எவனோ என் வேலியில ஒத்தைக் கையுறையைப் போட்டுட்டுப் போயிருக்கான்."

"மன்னிச்சுக்குங்க. குப்பையில போட்டுடுங்களேன்."

"அதுக்கா இதைத் தூக்கிட்டு வர்றேன்? ஒரு கை வெறுங்கையா எவன் அலையறான்னு பார்த்துக் குடுங்க." கையுறையை அவளிடம் திணித்துவிட்டு, கையெழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போனார்.

அது ராய்ஸின் கையுறை. போன குளிர்காலம் பேருந்து நிறுத்தத்தில் படுத்து, இரண்டு கால்விரல்களை இழந்தவர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது சூப் கிண்ணத்தை நீட்டியபடி, "உங்க சுவர் நல்ல சுவர், வெர்னா. ரேடியோக்காரன் மைனஸ் ஆறுங்கறான். உங்க சுவருக்கு மட்டும் எங்க மேல இரக்கம்" என்று சிரித்தார். வெர்னாவால் சிரிக்க முடியவில்லை.

இப்படியே ஒன்பது நாள் போயிற்று. ஒன்பது பொய். ஜெபம் செய்யக் கண்ணை மூடினால், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படிக்கும் மெக்ஃபெயில்தான் தெரிந்தார். அவர் முரடர்தான். ஆனால் கண்ணால் கண்டதற்குத்தானே கையெழுத்துப் போடுகிறார்? அந்த மனிதரையும் தன் பொய்க்குச் சாட்சி ஆக்கிவிட்டோமே என்று அவள் மனம் அரித்தது.

பத்தாம் நாள், மூன்றரை மணிக்கு உறைபெட்டியைத் திறந்தவள், எதையும் எடுக்காமல் மூடினாள். வாசலில் பதினாறு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள். ராய்ஸ் காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தார்.

"கதவு உண்டா, வெர்னா?" என்று கேட்டார்.

"தெரியல, ராய்ஸ்."

உள்ளே போய் மண்டியிட்டாள். 'இனிமேல் என்னால் முடியாது. நீரே பார்த்துக்கொள்ளும்.' அதற்குமேல் ஜெபம் வரவில்லை. ராய்ஸின் அந்தக் கால்தான் நினைவில் நின்றது.

மணி நாலு அடித்தபோது சந்துக்குப் போனாள். அவளுக்கு முன்பே மெக்ஃபெயில் வந்து நின்றிருந்தார். கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"மைனஸ் பன்னிரண்டு. எழுதுங்க."

வெர்னா குனிந்து பார்த்தாள். பன்னிரண்டுதான். மறுபடியும் பார்த்தாள். அவள் கண்கள் நிறைந்துவிட்டன. கேட்டதும் ஆண்டவர் தந்துவிட்டாரே! இப்படிப்பட்டவரை நம்பாமலா ஒன்பது நாளும் பட்டாணியை நம்பினேன்?

பேனாவை எடுத்தவள், எழுதாமல் நிமிர்ந்தாள்.

"மிஸ்டர் மெக்ஃபெயில், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இன்னிக்குப் பார்த்தது சத்தியம். இதுக்கு முன்னாடி ஒன்பது நாளும் பொய். உறைஞ்ச பட்டாணிப் பையை இதுமேல வெச்சு உங்களை ஏமாத்தினேன். நீங்க மன்றத்துக்கு எழுதிப் போட்டாலும் நான் தப்புச் சொல்ல மாட்டேன். இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அவங்களை உள்ள விட்டுடுங்க. அதுக்கப்புறம் எழுதுங்க."

மெக்ஃபெயில் அவள் கையிலிருந்த பேனாவை வாங்கி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, நோட்டை மூடிக் கொடுத்தார். இரண்டடி நடந்தவர், திரும்பாமலே சொன்னார்:

"மூணே முக்கால் ஆயும் உங்களைக் காணோம், அதான் எங்க வீட்டு உறைஞ்ச சோளப் பையை எடுத்துட்டு வந்தேன்."