பெயிண்டின் மேல் முறுக்கிய போல்ட்

வழியில் இரண்டு இடத்தில் நின்றுபோன பழைய வேனை ஆள் பிடித்துத் தள்ளியதில் இருளப்பனுக்கு இடுப்பு கழன்று விழுவதுபோல் வலித்தது. வந்து சேர்வதற்குள் அவன் மனைவி பஞ்சவர்ணத்தின் அப்பாவைப் புதைத்துவிட்டார்கள். வெயிலுக்கு உடம்பு தாங்காது என்று யாரும் காத்திருக்கவில்லை.

கல்குவாரியில் அவனோடு ஒரே சம்மட்டியை மாற்றி மாற்றிப் பிடித்த காத்தமுத்து இப்போது வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறான். புது பேட்டரி, அதற்கு சார்ஜ் ஏற்றும் பெரிய ஆல்டர்னேட்டர், பேட்டரியை வண்டியின் தகரத்தோடு இணைக்கும் தடித்த எர்த் வயர் எல்லாம் போன வாரம் அவன்தான் மாட்டிக் கொடுத்தான். இருளப்பன் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தான். போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைத் தகரம் தெரியத் தேய்த்திருந்தால்தான் அங்கே கரண்ட் ஓடும். பழைய பச்சைப் பெயிண்ட் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தது. போன் போட்டான்.

“தேச்சுட்டுத்தான் முறுக்குனேன்னு சொன்னியேடா?”

“எவன் மாப்ளே குனிஞ்சு பாக்கப் போறான்னு விட்டுட்டேன்” என்று காத்தமுத்து சிரித்தான். “எல்லாம் புதுசு, இழுத்துக்கும்னு நெனச்சேன்.”

“எவனோ இல்லடா, நான்.”

இருளப்பன் உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்தான். ஒரு பீடி பிடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பியதும் வேன் சீறிக்கொண்டு கிளம்பியது. இழவு வீட்டு வாசலில் இருந்த பஞ்சவர்ணம் தலை நிமிர்ந்தாள்.

“இப்ப ஓடுதாக்கும்?”

அப்பன் முகத்தைக் கட்டாயம் காட்டிவிடுவதாகச் சொல்லி அவளை ஏற்றி வந்தவன் அவன். அந்தக் கடன் அப்படியே நின்றது.