நாய் விழுந்த நேரம்

மாயாண்டியின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைத் தொடுமுன்னே அவருடைய நாய் விழுந்து கால்களை உதைத்தது. வாயெல்லாம் நுரை.

"வெறிநாய்!" ஊரடங்குக்காகத் தெருமுனைக் கம்பிவேலியில் நின்ற காவலர் துப்பாக்கியோடு ஓடிவந்தார்.

"சுடாதீங்க, இது வலிப்பு! யாரும் புடிக்காதீங்க, தானா எந்திரிக்கும்," என்ற மாப்பிள்ளையின் தாய், வலிப்பு வந்தவர் கையில் திணிக்கும் இரும்புச் சாவியை இடுப்பிலிருந்து எடுத்து, பழக்கதோஷத்தில் நாயின் பாதத்தில் வைத்தாள்.

நாய் தள்ளாடி எழுந்தது.

"இந்தச் சாவிய யாருக்கும்மா இடுப்புலயே வச்சிருக்கீங்க?" என்றார் மாயாண்டி.

அவள் மகனைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்தான்.

"ஊரடங்குக்கு முன்ன கெளம்புறோம்ணே," என்றாள் அலுப்போடு.

மாயாண்டி பெருமூச்சுவிட்டு உள்ளே போனார். மகளின் முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்து வந்து, தரையில் கிடந்த சாவிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதுவும் இரும்புச் சாவி.

"உக்காருங்க தங்கச்சி, காப்பி ஆறுது."