சிறிய பெட்டிக்கு ஒரு சிப்செட்

கதை என்று ஒன்றை எழுதத் துணிவது இதுவே முதன்முறை. பிழைகளைப் பொறுத்தருளுமாறு வாசகப் பெருமக்களைப் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

கடைக்காரர் இரண்டு மதர்போர்டுப் பெட்டிகளை எடுத்துக் கண்ணாடி மேசையின்மேல் தம்பதியர் முன் வைத்தார். பேச்சைக் கணவரிடம் மட்டும் வைத்துக்கொண்டார்.

"சார், இசட் சிப்செட் இருக்கற போர்டே எடுத்துக்கோங்க. நாளைக்கு ப்ராசஸர் ஸ்பீடு ஏத்தணும்னா கை குடுக்கும்."

கணவர் தலையசைக்கப் போனார்.

உறவினர் வீடுகளில் உள்ள கம்ப்யூட்டர்கள் யாவும் அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவை. எல்லாவற்றிலும் விலை உயர்ந்த இசட் போர்டு. உயர்ந்ததை வாங்கிவிட்டால் பின்னால் ஒருவரும் குறை சொல்ல முடியாது என்பது அவருடைய எண்ணம்.

இந்தக் கம்ப்யூட்டர் மனைவி வாசுகிக்கு.

பதினோர் ஆண்டுகள் கழித்து, வரும் திங்கட்கிழமை முதல், வாசுகி மீண்டும் கட்டட வரைபடம் வரையப் போகிறார். வீட்டில் இருந்தபடியே. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறது. அங்கே ஒரு செருப்புப் பெட்டியை ஒரு வாரம் வைத்துப் பார்த்தார். பீரோக் கதவு இடிக்கவில்லை. அந்த அளவுக்கே கம்ப்யூட்டர் கேபினட் வாங்கினார். ப்ராசஸரையும் தாமே பார்த்து வாங்கினார்.

போர்டையும் தாமே தேர்ந்தெடுப்பதாகச் சொல்லித்தான் கணவரை உடன் அழைத்து வந்திருந்தார்.

வாசுகி மற்றொரு பெட்டியைத் தம் பக்கம் இழுத்தார். விலை குறைந்த பி சிப்செட் போர்டு.

"இது போதும்ண்ணே."

"அது சாதா மேடம். சார் சொல்லட்டும்."

"எங்க ப்ராசஸர் கம்பெனியிலயே ஸ்பீடை லாக் பண்ணது. எந்த போர்டுல போட்டாலும் அதுக்கு ஸ்பீடு ஏத்த முடியாது. ஷெட்ல பூட்டி வச்ச வண்டிக்கு ரேஸ் டயர் மாட்டி என்னண்ணே பண்றது?"

கடைக்காரர் சிரித்தார். சிரித்து முடித்ததும் மறுபடியும் கணவரையே பார்த்தார்.

ஒரு சொல் போதும். அவர் இசட் என்றால் இசட்தான். வாசுகி கடையில் மறுத்துப் பேசமாட்டார்.

வீட்டுக்குப் போன பின்பும் பேசமாட்டார். இனி எதையும் தேர்ந்தெடுக்கவும் மாட்டார்.

கணவருக்குத் தம் தமக்கை வீட்டுக் கம்ப்யூட்டர் நினைவுக்கு வந்தது. சித்தப்பா வீட்டினுடையதும் வந்தது. அவற்றில் இருப்பவையும் பூட்டிய ப்ராசஸர்களே.

காதுமடல் சுட்டது.

ஆயினும், முதுகு எப்படியோ நிமிர்ந்துகொண்டது. மேசையின் மறுபுறம் மனைவி நின்ற தோரணையை, திருமணத்துக்கு முன் ஒரு கட்டட வேலையிடத்தில் பார்த்திருக்கிறார். அன்று மேஸ்திரி அவர் சொன்னபடியே அளவை மாற்றினார்.

"மேடம் சொல்றதுதான் சரி. பில்லையும் அவங்க பேர்லயே போடுங்க."

வாசுகி திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தளர்ந்தன.

பில் வருவதற்குள் கணவருடைய அலைபேசி ஒலித்தது. மைத்துனன்.

"அத்தான், ஆபீசுக்குச் சின்னதா ஒரு பிசி போடணும். எந்த போர்டு வாங்கட்டும்?"

"இரு. விவரம் தெரிஞ்சவங்ககிட்ட குடுக்கறேன்."

அலைபேசியை மனைவியிடம் நீட்டினார். கடைக்காரர் பார்க்கும்படியாகவே நீட்டினார்.

அன்றைய தேர்வில் இழந்தவை:

ஸ்பீடு ஏற்றும் வசதி.

எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்த ஓரிடம்.

யூஎஸ்பி துளைகள், இரண்டு.

யோசனை கேட்டுக் கணவரை அழைக்கும் உறவினர்கள், இன்றுவரை ஒருவர்.